வெளிநாட்டுப் பேரிடர் நிவாரணத்துக்கு ஆட்களைத் தயார்படுத்துவது: எங்கே தொடங்குவது?

வடிகால் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பொறியாளர் சங்கத்தில் குடிநீர், கழிவுநீர், கட்டடம், மின்சாரம் என எல்லாத் துறையிலும் நல்ல அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். நிலநடுக்கம், புயல், போரால் மக்கள் இடம்பெயர்வது போன்ற சமயங்களில் சர்வதேச நிவாரண அமைப்புகள் கேட்டால் உடனே அனுப்பக்கூடிய ஆட்களின் ரோஸ்டர், அதாவது தயார்நிலைப் பெயர்ப்பட்டியல் ஒன்றை உருவாக்க நினைக்கிறோம். நாற்பது பேர் பெயர் கொடுக்கத் தயார். ஆனால் யாருக்கும் முகாம் அனுபவம் கிடையாது.

தொழில் தெரிந்தவர்களுக்குப் பயிற்சி எத்தனை நாள் வேண்டும்? தொழில்நுட்பத்தை மறுபடி சொல்லித்தர வேண்டுமா, இல்லை நிவாரண அமைப்புகள் இயங்கும் முறையை மட்டும் சொன்னால் போதுமா? அழைப்பு வந்தபின் ஆள் விமானம் ஏறுவதற்குள் எங்கெல்லாம் சிக்கல் வரும்? இந்த வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

களத்துமேடு எழுதியது:

வடிகால் சார், பயிற்சி பற்றி யோசிக்கும் முன்னால் உங்கள் ஆட்களை யார் அழைக்கப் போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். பெயரைச் சேர்த்துவிட்டு அழைப்புக்குக் காத்திருக்கும் பட்டியல்கள் உலகம் முழுக்க நிறைய இருக்கின்றன. அவை அப்படியே காலாவதியாகின்றன.

முக்கியமான வழிகள் மூன்று. ஐ.நா. அமைப்புகள் கேட்கும்போது ஆள் கொடுக்கும் ஸ்டாண்ட்பை பார்ட்னர் அமைப்புகள் ஒன்று. இதில் பணி பெரும்பாலும் மாதக்கணக்கில் இருக்கும். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் அவசரகாலக் குழுக்கள் இரண்டாவது. கருவிகளோடு மொத்தக் குழுவாகப் போவார்கள், ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு மாதம். தொண்டு நிறுவனங்களின் சொந்த ரோஸ்டர் மூன்றாவது. 1979-ல் மலேசியாவில் வியட்நாம் படகு அகதிகளுக்காக வேலை செய்த பீட்டர் கத்ரி என்ற பொறியாளர், தேவைப்படும்போது அனுப்பக்கூடிய பொறியாளர்களின் பதிவேடு ஒன்று வேண்டும் என்று தொடங்கியதுதான் ரெட்ஆர். உங்கள் யோசனையும் அதேதான். அதனால் புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, ஏற்கெனவே இருக்கும் ஓர் அமைப்போடு ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய தேர்வு முறைக்கு உங்கள் ஆட்களைத் தயார் செய்வது நல்லது என்பது என் கருத்து.

பயிற்சி நாட்கள்: அடிப்படைப் பாடத்தை இணையத்திலேயே முடித்துவிடலாம். மனிதநேயக் கோட்பாடுகள், ஐ.நா.வின் 2005 நிவாரணச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்த கிளஸ்டர் முறை (துறைவாரியாக அமைப்புகளை ஒருங்கிணைப்பது), ஸ்ஃபியர் தரநிலைகள் (நிவாரணத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு தர வேண்டும் என்ற அளவுகள்), பாலியல் சுரண்டல் தடுப்பு விதிகள் எல்லாம் இதில் வரும். நேரில் ஐந்து ஆறு நாள் வேண்டும். அதில் பாதியாவது இரவு பகலாக நடக்கும் ஒத்திகையாக இருக்கட்டும். வகுப்பில் எல்லோரும் நல்லவர்கள். சாப்பாடு தாமதமாகி, தூக்கம் கெட்டு, மூன்று பேர் மூன்று விதமாகப் பேசும்போது யார் கத்துகிறார், யார் ஒதுங்குகிறார், யார் மற்றவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிறார் என்பது ஒத்திகையில்தான் வெளியே வரும். பாதியில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தொழில் நன்றாகவே தெரியும். கூட இருப்பவர்களோடு ஒத்துப்போகத்தான் முடிந்திருக்காது.

ஒத்திகைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 10,000 பேர் ஒரே இரவில் வந்து தங்கிவிட்டார்கள். ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் என்றால் 1,50,000 லிட்டர். ஒரு குழாய்க்கு 250 பேர் வீதம் 40 குழாய். ஆறு குழாய் கொண்ட ஸ்டாண்டு என்றால் ஏழு. நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வரும் குழாயில் 250 பேர் தலா 15 லிட்டர் பிடிக்க 500 நிமிடம் ஆகும். அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழாயை யாரும் மூடவே கூடாது! காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் மட்டும் தண்ணீர் திறந்துவிட்டு "குழாய் எண்ணிக்கை தரப்படி சரியாக இருக்கிறது" என்று அறிக்கை எழுதினால், எண்ணிக்கை சரிதான், மக்களுக்குத்தான் தண்ணீர் இல்லை. இந்த இடத்தைப் பயிற்சியாளர் தானாகச் சொல்லாமல், கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க விடுங்கள்.

அதே கணக்கை லாரிக்கும் போடச் சொல்லுங்கள். 10,000 லிட்டர் டேங்கர் என்றால் 15 நடை. நிரப்ப, ஓட்ட, இறக்க, திரும்ப என்று ஒரு நடைக்கு மூன்று மணி நேரம் பிடித்தால், பகல் வெளிச்சத்தில் ஒரு லாரி மூன்று நடைக்கு மேல் போகாது. ஐந்து லாரி, பழுதுக்கு ஆறாவது. பிறகு ஒத்திகையின் இரண்டாம் நாள் காலை டிரைவர்கள் கூலி கேட்டு வண்டியை நிறுத்தட்டும். மதியம் பக்கத்துக் கிராமத்தார் வந்து "எங்கள் கிணறு வற்றுகிறது, எங்களுக்கும் குழாய் வேண்டும்" என்று நிற்கட்டும். மாலையில் பெண்கள் இருட்டியபின் கழிப்பறைப் பக்கம் போவதே இல்லை என்ற தகவல் வரட்டும். அந்தப் பெண்களிடம் காரணம் கேட்கப் புறப்படுகிறவரா, உட்கார்ந்த இடத்திலேயே விளக்குக் கம்பத்துக்கு வரைபடம் போடுகிறவரா என்று பாருங்கள். முதலாமவரை அனுப்புங்கள்.

அனுபவமிக்க பொறியாளர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிரச்சினை ஒன்று உண்டு. இருபது வருடம் நிற்கும் அமைப்பை வடிவமைக்கப் பழகியவர்கள் அவர்கள். மூன்றாம் நாளில் தேவைப்படுவது, குறைபாடு இருந்தாலும் இன்றைக்கே ஆளுக்கு 7.5 லிட்டராவது கொடுக்கிற ஏற்பாடு. கழிப்பறையும் அப்படித்தான். முதலில் 50 பேருக்கு ஒன்று என்று 200 போட்டு, பிறகு 20 பேருக்கு ஒன்று என்று 500-க்குக் கொண்டுபோக வேண்டும். நேராக 500-க்குத் திட்டம் போட்டு உட்கார்ந்தால், அதற்குள் வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

தெளிநீர் எழுதியது:

களத்துமேடு சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனா தொழில்நுட்பத்தை அவர் லேசா தாண்டிப் போயிட்டார். நகரக் குடிநீர் நிலையத்துல வேலை பார்த்தவருக்கு குளோரின்னா டோஸிங் பம்பு, மீட்டர், லேப். முகாம்ல இருக்கிறது ஒரு டப்பா ப்ளீச்சிங் பவுடர், நாலு வாளி, ஒரு ஊசி சிரிஞ்சு. கையால செய்து பார்க்காதவரை அனுப்பவே கூடாது. இதுக்குத் தனியா ரெண்டு நாள் ஒதுக்குங்க.

எவ்வளவு குளோரின் போடணும்னு கண்டுபிடிக்கிற வாளிச் சோதனை இப்படி. 65–70 சதவீத வீரியமுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட், அதாவது ஹெச்.டி.ஹெச்., லிட்டருக்கு 15 கிராம் கலந்தா 1 சதவீதக் கரைசல். அதைத் தெளிய விட்டு மேல்நீரை எடுத்துக்கணும். நாலு 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில சுத்திகரிக்க வேண்டிய தண்ணி. இரும்பு வாளி வேண்டாம், குளோரினை அதுவே தின்னுடும். ஒவ்வொண்ணுலயும் 1, 1.5, 2, 2.5 மில்லி விட்டுக் கலக்கி, 30 நிமிஷம் கழிச்சு டி.பி.டி. மாத்திரை (குளோரின் அளவை நிறத்துல காட்டுறது) போட்டு எஞ்சிய குளோரினைப் பாருங்க. லிட்டருக்கு 0.2-ல இருந்து 0.5 மில்லிகிராம் காட்டுற வாளிதான் உங்க அளவு. நாலாவது வாளிதான் சரின்னு வெச்சுக்கலாம். 20 லிட்டருக்கு 2.5 மில்லின்னா 70,000 லிட்டர் தொட்டிக்கு 8.75 லிட்டர் கரைசல், அதுக்கு சுமார் 131 கிராம் பவுடர்.

தப்பு எங்க நடக்குது? பவுடர் பழசாகி வீரியம் போயிருக்கும், டப்பாவுல போட்டிருக்கிற சதவீதத்தை நம்பிக் கணக்குப் போடுவாங்க. தண்ணி கலங்கலா இருக்கும்போதே குளோரின் ஊத்துவாங்க. கலங்கல் 5 என்.டி.யு.க்கு (கலங்கலை அளக்கிற அலகு) கீழ இருக்கணும், இல்லேன்னா படிகாரம் போட்டுத் தெளிய வெச்சுட்டுத்தான் மேல போகணும். பி.ஹெச். 8-க்கு மேல இருந்தா 30 நிமிஷம் பத்தாது. இதையெல்லாம்விட முக்கியம், குழாயடியில மட்டும் அளந்துட்டு நிறுத்திடுறது. குழாய்ல 0.5 இருந்த தண்ணி, அழுக்குக் குடத்துல வெயில்ல இருந்து சாயங்காலம் பூஜ்யமாகிடும். குடிக்கிறது அந்தத் தண்ணியைத்தான். அதனால வீடு வீடாப் போய்க் குடத்துல அளக்கவும் பயிற்சி கொடுங்க. வீட்டுல பூஜ்யம் வந்தா தொட்டியில அளவைக் கூட்டணும், குடம் கழுவ ஏற்பாடு பண்ணணும்.

தொட்டி கட்டுறதையும் கையால செய்யச் சொல்லுங்க. வளைந்த நெளிதகடுகளை போல்ட் போட்டு இணைச்சு, உள்ள ரப்பர் விரிப்பு போடுற வகைதான் அதிகம். 11, 45, 70, 95 கனமீட்டர் அளவுகள்ல வரும். 70 கனமீட்டர்னா 70 டன். தரை மட்டம் சரியில்லேன்னா ஒரு பக்கம் அமுங்கி, தொட்டி கோணி, ராத்திரியில வெடிச்சுப் போகும். போல்ட்டோட உருண்டைத் தலை உள்பக்கம் வரணும், நட்டு வெளியில. அவசரத்துல ஒரே ஒரு போல்ட்டைத் திருப்பிப் போட்டாக்கூட விரிப்பு கிழிஞ்சிடும். அதைக் கண்டுபிடிக்க மொத்தத் தண்ணியையும் இறக்கணும். ஒரு தடவை பிரிச்சுக் கட்டினவங்களுக்கு இது கையிலயே நின்னுடும்.

இன்னொண்ணு, ஹெச்.டி.ஹெச். விமானத்துல ஆபத்தான சரக்கு, ஆக்ஸிஜனேற்றி வகை. பயணிகள் பெட்டியில வைக்கவே கூடாது. "ஒரு கிலோ தானே"ன்னு யாராவது எடுத்துட்டுப் போனா விமான நிலையத்துலயே பயணம் முடிஞ்சிடும், விமானத்துல தீப்பிடிக்கிற அபாயமும் நிஜம். சோதனைக் கருவியும் டி.பி.டி. மாத்திரையும் கையில எடுத்துட்டுப் போங்க, குளோரினைப் போற இடத்துல வாங்கிக்கங்க.

பயணப்பை எழுதியது:

புறப்பாட்டுப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 72 மணி நேரத்தில் கிளம்ப வேண்டும் என்றால், வேலையில் பெரும்பகுதி ஆறு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தடுப்பூசியில் இது நன்றாகத் தெரியும். ஹெபடைடிஸ் பி வழக்கமாக 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளில் இருந்துதான் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால் ஒரு தடவை போட்டுவிட்டால் கவலையில்லை. வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு, டைஃபாய்டு, டெட்டனஸ் எல்லாம் ரோஸ்டரில் சேரும்போதே. மலேரியா மாத்திரை நாட்டைப் பொறுத்தது. டாக்ஸிசைக்கிளின் என்றால் திரும்பி வந்தபின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் கெடுவும் வெற்றுப் பக்கங்களும் இருக்கின்றனவா என்று வருடத்துக்கு இருமுறை பாருங்கள்.

காப்பீட்டில் பொறி எங்கே என்றால், போர், உள்நாட்டுக் கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்குப் பொருந்தாது என்ற ஷரத்தில். சாதாரணப் பயணக் காப்பீட்டில் அது பெரும்பாலும் இருக்கும். ஆளுடைய சொந்த ஆயுள் காப்பீட்டிலும் இருக்கலாம், அவருக்கே தெரியாது. மருத்துவக் காரணத்துக்காக விமானத்தில் வெளியேற்றும் செலவு யார் பொறுப்பு, எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பது அட்டையில் அச்சடித்து அவர் பையில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஐ.நா.வின் பிசேஃப் இணையப் பாடம் எல்லோருக்கும். ஆபத்தான நாடுகளுக்கு மூன்று நான்கு நாள் நேரடிப் பயிற்சி. சோதனைச் சாவடியில் எப்படி நடந்துகொள்வது, துப்பாக்கிச் சூட்டில் எங்கே படுப்பது, ரத்தப்போக்கை எப்படி நிறுத்துவது, கடத்தப்பட்டால் என்ன செய்வது என்று எல்லாம் அதில் செய்து பார்ப்பார்கள். அனுப்பும் அமைப்புக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. 2012-ல் கென்யாவின் தாதாப் முகாமில் கடத்தப்பட்ட ஓர் ஊழியர் தொடுத்த வழக்கில், 2015-ல் ஓஸ்லோ நீதிமன்றம் அவரை வேலைக்கு அமர்த்திய அமைப்பு அப்பட்டமாக அலட்சியம் காட்டியது என்று தீர்ப்பளித்தது. உங்கள் சங்கம் ஆள் கொடுக்கும்போது, களத்தில் அவருக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ரோஸ்டரைக் கொல்வது முதலாளியின் அனுமதி. "எங்கள் மேலாளர் விடுவார்" என்பது அழைப்பு வரும் அன்று பொய்யாகிவிடும். நிறுவனத் தலைமையிடம் இருந்தே, இத்தனை நாள் முன்னறிவிப்பில் இத்தனை வாரம் விடுவிக்கிறோம், சம்பளம் இப்படி, பதவி காத்திருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்கினாலும் ஓர் இடத்துக்கு ஐந்தாறு பெயராவது வேண்டும்; ஒருவருக்கு வேலைக் கெடு, ஒருவருக்கு வீட்டில் நோயாளி, ஒருவருக்கு விசா கிடைக்காது, ஒருவருக்கு மொழி. காங்கோ, சாட், ஹைத்தி என்றால் பிரெஞ்சு தெரியாதவர் பாதி ஆள்தான். இந்தக் கணக்கில் உங்கள் நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஏழெட்டு இடத்தைத்தான் நிரப்புவார்கள். வெளியே அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சின்ன விஷயம்: சாட்டிலைட் ஃபோன் சில நாடுகளில் அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே கைது. முன்கூட்டியே விசாரியுங்கள். உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும். 100 வாட்‑ஹவருக்கு மேல் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், 160-க்கு மேல் பயணிக்கு அனுமதியே இல்லை.

வடிகால் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலாளி அனுமதிக் கடிதத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சில மருத்துவர்களும் செவிலியர்களும் சேரக் கேட்கிறார்கள். அவர்களையும் இதே முறையில் தயார் செய்யலாமா?

முதலுதவி எழுதியது:

செய்யாதீர்கள். பொறியாளர் தனியாளாகப் போய் ஓர் அமைப்பில் சேர்ந்து வேலை செய்யலாம். மருத்துவர் தனியாகப் போனால் மருந்து, கருவி, உதவியாளர், கழிவு அகற்றல் எதுவுமில்லாமல் நிற்பார். 2010 ஹைத்தி நிலநடுக்கத்துக்கு ஏராளமான மருத்துவக் குழுக்கள் சொந்த முயற்சியில் போய் இறங்கின. தரம் தாறுமாறாக இருந்தது. அதன்பிறகுதான் 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அவசர மருத்துவக் குழுக்களுக்கு வகைப்பாடு கொண்டுவந்தது. முதல் வகையில் ஒரே இடத்தில் இருந்து இயங்கும் குழு நாளைக்குக் குறைந்தது 100 வெளிநோயாளிகளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு அதோடு 20 படுக்கை, நாளைக்கு 7 பெரிய அறுவை அல்லது 15 சிறிய அறுவை செய்யும் வசதி. எந்த வகையானாலும் தங்கள் சாப்பாடு, தண்ணீர், மின்சாரம், கழிப்பறை எல்லாம் தாங்களே கொண்டுவர வேண்டும். பாதிக்கப்பட்ட நாட்டின் சுகாதார அமைச்சகத்திடம் பதிவு செய்து, அவர்கள் சொல்லும் இடத்துக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு மருத்துவரும் சொந்த நாட்டு உரிமத்தின் சான்றிட்ட நகலோடு வர வேண்டும். அதனால் உங்கள் மருத்துவர்களை ஏற்கெனவே வகைப்படுத்தப்பட்ட ஒரு குழுவில் சேரச் சொல்லுங்கள்.

அப்படிப்பட்ட குழுவுக்கு உங்கள் பொறியாளர்கள் மிகவும் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கள மருத்துவமனை தடுமாறுவது ஜெனரேட்டர், தண்ணீர், கழிவுநீர் மூன்றிலும்தான். ஹைத்தியில் அதே 2010-ல் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. பல ஆயிரம் பேர் இறந்தார்கள். உதவிக்கு வந்தவர்களின் கழிவுக் குழி அது. வருகிறவர்களின் கழிப்பறையை முதல் நாளே சரியாகக் கட்டுவது ஒரு பொறியாளரின் தனிப்பொறுப்பாக எழுதப்பட வேண்டும்: குழி நிலத்தடி நீர் எடுக்கும் இடத்தில் இருந்து 30 மீட்டர் தள்ளி, அடிப்பகுதி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலே. பாறை வெடிப்புள்ள தரையில் 30 மீட்டரும் போதாது.

போய் இறங்குவதே பாரமாகவும் ஆகலாம். 2015 நேபாள நிலநடுக்கத்தில் காத்மாண்டுவின் ஒரே ஓடுதளம் சேதமாகி, பெரிய விமானங்களுக்குத் தடை போட வேண்டியதாயிற்று. உங்கள் ஆட்களுக்கு "கேட்காமல் கிளம்பக் கூடாது" என்பது எழுதப்பட்ட விதியாகவே இருக்கட்டும்.

திரும்பி வந்தபின்: மலேரியா பகுதியில் இருந்து வந்தவருக்கு மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் போன நாட்டின் பெயரை முதல் வரியாகச் சொல்ல வேண்டும். மனநலத்துக்கு, வந்த மறுநாள் எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்ததை எல்லாம் சொல்லவைக்கும் கூட்டம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. ஓய்வு, விருப்பப்பட்டால் பேச ஓர் ஆள், சில வாரம் கழித்து ஒரு விசாரிப்பு. தூக்கமின்மையும் எரிச்சலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் நிபுணர்.

களத்துமேடு எழுதியது:

தெளிநீர் சொன்னது சரி, கைவேலைக்கு ரெண்டு நாள் கூட்டியே போடுங்கள். முதலுதவி எழுதியதோடு இன்னொன்றும் சேர்க்கிறேன். பாலியல் சுரண்டல் பற்றி 2003-ல் வந்த ஐ.நா. விதியை இணையப் பாடத்தோடு விட்டுவிடாமல் நேரில் பேசுங்கள். பணம், வேலை, நிவாரணப் பொருள் எதைக் கொடுத்தும் பாலுறவு கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவரோடு, அந்த நாட்டுச் சட்டம் என்ன சொன்னாலும், கூடவே கூடாது. குழாயடியில் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ஆளை நியமிப்பதுகூட அதிகாரம்தான். அந்த ஆள் யாரிடம் என்ன கேட்கிறார் என்று கவனிப்பதும், புகார் வந்தால் எங்கே சொல்வது என்று மக்களுக்குத் தெரியவைப்பதும் பொறியாளர் வேலை.

பட்டியல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வருடத்துக்கு இருமுறை முன்னறிவிப்பில்லாமல் அழைத்துப் பாருங்கள்: "நாளை மறுநாள் கிளம்ப முடியுமா, பாஸ்போர்ட் படம் அனுப்புங்கள்." 24 மணி நேரத்தில் பதில் தராதவர் பெயரை நீக்கிவிடாமல், தற்காலிகமாக ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, ஒப்படைப்பு. அடுத்தவர் வந்து குறைந்தது மூன்று நாள் சேர்ந்து வேலை செய்வது போல டிக்கெட் போடுங்கள். ஒப்படைப்புக் குறிப்பு நான்கைந்து பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் தொட்டி, வால்வு, பம்பு இருக்கும் இடம் கையால் வரைந்த படமாக. ஒவ்வொரு நீராதாரத்துக்கும் கடைசியாகச் செய்த வாளிச் சோதனை அளவு. பம்பின் எண்ணெய் மாற்றிய தேதி. டேங்கர்காரருக்கும் தினக்கூலி ஆட்களுக்கும் எவ்வளவு பாக்கி, என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம். உள்ளூர் நீர்வாரியத்தில் யார் முடிவெடுப்பவர். பாக்கியையும் வாக்கையும் எழுதாமல் விடுகிறார்கள். புதிதாக வந்தவர் முதல் நாளே குழாயடியில் கோபமான கூட்டத்தைச் சந்திக்க நேர்வது பெரும்பாலும் இதனால்தான்.